வீட்டு லேத்தின் கோளாறுகள்: அறிகுறி பார்த்துக் காரணம் காணும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் ஒரு பழைய வீட்டைப் பூட்டிப் போடாமல் வாழ்ந்து பராமரிப்பவருக்குச் சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று எவ்வளவு உதவும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நிலைக்கதவின் பித்தளைக் குமிழ், தாழ்ப்பாளின் அச்சு, ஊஞ்சல் சங்கிலியின் ஆணி, சன்னல் கம்பியை இறுக்கும் மரையாணி ஆகியவற்றில் எது தேய்ந்தாலும் அதே அளவில் இன்று கடையில் கிடைப்பதில்லை. கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒற்றை உருப்படிக்காக அவர்கள் தங்கள் பெரிய லேத்தை நிறுத்தி மாற்றியமைக்கத் தயங்குகிறார்கள். ஆகவே வீட்டிலேயே கடைந்துகொள்ள முற்படுகிறோம். மேசைமேல் வைக்கும் சிறிய லேத்தில் இவ்வேலையைச் செய்பவருக்கு நேரும் கோளாறுகளை, அவை கண்ணுக்கும் காதுக்கும் எப்படித் தெரிகின்றனவோ அந்த அறிகுறியின்படி இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஆராயும் வரிசை ஒன்று எல்லா அறிகுறிக்கும் பொதுவானது. தரையிலிருந்து மேலே வர வேண்டும்: முதலில் லேத் நிற்கும் தளமும் மேசையும், அடுத்து பெட் (எல்லாவற்றையும் தாங்கும் நீண்ட அடிப்பகுதி), அதன்பின் ஹெட்ஸ்டாக்கும் (சுழலும் தண்டு உள்ள தலைப்பகுதி) சக்கும் (கடையும் துண்டைப் பிடிக்கும் தாடைப்பிடி), பிறகு கேரேஜும் (டூலைச் சுமந்து பெட்டின்மேல் நகரும் பகுதி) ஸ்லைடுகளும், கடைசியில்தான் டூல் (வெட்டும் உளி). பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து, விலையுயர்ந்த டூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிப் பார்க்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் விளைவைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் குணமானது எதனால் என்பது தெரியாமலே போய்விடும்.

லேத்தின் முன் வேட்டி, லுங்கி, துண்டு, முழுக்கை, கழுத்துச் சங்கிலி, மோதிரம், கையுறை எதுவும் கூடாது. சுழலும் சக் துணியின் ஒரு நூலைப் பற்றினாலும் ஆளையே இழுத்துக்கொள்ளும். சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கும் பழக்கமும் கூடாது. கண்ணாடி அணிந்தே வேலை செய்ய வேண்டும். பித்தளைத் துகள் ஊசிபோல் தெறிக்கும்.

அறிகுறி: கடைந்த பரப்பில் அலையலையான கோடுகள், கீச்சென்ற ஓசை

இது அதிர்வின் அடையாளம். டூலும் ஜாபும் (கடையப்படும் துண்டு) ஒன்றையொன்று தள்ளி மீண்டும் நெருங்கும் அசைவு ஒவ்வொரு சுற்றிலும் பதிவாகிறது. எங்கோ விறைப்புக் குறைவாக இருக்கிறது என்று கொண்டு, அந்த இடத்தைத் தேட வேண்டும்.

முதலில் ஜாப் சக்கிலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். டெயில்ஸ்டாக் (ஜாபின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) தாங்காத நிலையில் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குமேல் நீட்டாமலிருப்பது நல்லது. ஒரு முனை மட்டும் பிடிபட்ட தண்டின் வளைவு, நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறி, விட்டத்தின் நான்மடிப் பெருக்கத்தோடு இறங்கும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். விட்டம் பாதியானால் பதினாறு மடங்காகும். ஊஞ்சல் ஆணிக்காக 10 மி.மீ. கம்பியை 80 மி.மீ. நீட்டிப் பிடித்துக்கொண்டு டூலைக் குறைசொல்வதில் பொருளில்லை. மையத் துளையிட்டு டெயில்ஸ்டாக்கால் தாங்குங்கள். அதுவும் போதாத நீளமென்றால் ஸ்டெடி (ஜாபை இடையில் தாங்கும் துணை) தேவை.

டூலும் அவ்வாறே. டூல்போஸ்ட்டிலிருந்து எவ்வளவு குறைவாக வெளியே நீட்ட முடியுமோ அவ்வளவே நீட்ட வேண்டும். அடுத்து கிராஸ் ஸ்லைடையும் மேல் ஸ்லைடையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைவு தெரிந்தால் கிப் (ஸ்லைடின் இடைவெளியை அடைக்கும் பட்டை) தளர்ந்திருக்கிறது. கிப் திருகுகளை ஒரு முனையிலிருந்து வரிசையாகச் சிறிது சிறிதாக இறுக்கி, கைப்பிடி சீரான கனத்தோடு நகரும் நிலையில் நிறுத்த வேண்டும். பயன்படாத ஸ்லைடைப் பூட்டிவிடுவது சிறிய லேத்தில் பெரிய பலன் தரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அதிர்வு நீங்கவில்லையென்றால் ஹெட்ஸ்டாக் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். தடித்த கம்பியொன்றைச் சக்கில் பிடித்து, சக் உடலின்மேல் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) வைத்து, கம்பியை மேலும் கீழும் கையால் நெம்பிப் பாருங்கள். முள் 0.02 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் பேரிங் தளர்ந்திருப்பதாகக் கொண்டு, இறுக்கும் வளையத்தைச் சரிசெய்யலாம். பேரிங்கை வரம்புமீறி இறுக்கினால் சூடேறிக் கெடும். இறுக்கிய பின் லேத்தைச் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டு, ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பார்த்துச் சூடு அளவோடு இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

இயந்திரத்தில் குறையில்லையென்று தெரிந்த பின், சுழல்வேகத்தைக் குறைத்து ஊட்டத்தை (டூல் முன்னேறும் அளவை) சற்றுக் கூட்டுங்கள். பயந்து மெல்ல மெல்ல ஊட்டினால் டூல் வெட்டாமல் தேய்க்கிறது. தேய்ப்பதே அதிர்வைக் கிளப்புகிறது. டூல் மூக்கின் வளைவு பெரிதாக இருந்தால் சிறிய லேத் அதைத் தாங்காது. துண்டிக்கும் வேலையில் இந்த அறிகுறி மிகக் கடுமையாக வரும். அப்போது துண்டிக்கும் இடம் சக்கை ஒட்டியிருக்க வேண்டும், துண்டிக்கும் டூல் ஜாபுக்குச் செங்குத்தாகவும் மையத்தின் உயரத்திலும் இருக்க வேண்டும், கேரேஜ் பூட்டப்பட்டிருக்க வேண்டும், கை இடைவிடாமல் ஊட்ட வேண்டும்.

அறிகுறி: ஒரு முனை பெருத்தும் மறுமுனை சிறுத்தும் வருதல்

வீட்டு லேத்துக்காரரை அதிகம் வருத்துவது இதுதான். வெவ்வேறு காரணங்கள் ஒரே தோற்றத்தைத் தருவதால், சோதித்துப் பிரித்தறியாமல் எதையும் திருகக் கூடாது.

40 மி.மீ. விட்டமுள்ள, எளிதில் வெட்டக்கூடிய கம்பியைச் சக்கில் பிடித்து 120 மி.மீ. வெளியே நீட்டுங்கள். டெயில்ஸ்டாக் தொடக் கூடாது. இரு முனைகளிலும் 15 மி.மீ. அகலத்துக்கு இரண்டு வளையங்கள் மிஞ்சும்படி நடுப்பகுதியை ஓரிரு மி.மீ. குறைத்துக் கடையுங்கள். பிறகு கூர்மையான டூலால், அதன் நிலையை மாற்றாமல், ஒரே ஓட்டத்தில் இரு வளையங்களையும் 0.05 மி.மீ. ஆழத்துக்குச் சீவி, மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள்.

இரு வளையங்களும் ஒரே அளவாக இருந்தால் பெட் நேராக இருக்கிறது. அப்படியிருந்தும் டெயில்ஸ்டாக் தாங்கும் வேலையில் மட்டும் சரிவு வருமானால் டெயில்ஸ்டாக் விலகியிருக்கிறது. டெயில்ஸ்டாக் பக்கம் விட்டம் 0.10 மி.மீ. கூடுதலாக வந்தால், அதை உங்களை நோக்கி 0.05 மி.மீ., அதாவது வேறுபாட்டில் பாதி, நகர்த்த வேண்டும். டயல் கேஜை வைத்துக்கொண்டு நகர்த்தினால் ஊகத்துக்கு வேலையில்லை. இரு முனையும் சரியாக இருந்து நடுமட்டும் பெருத்திருந்தால் ஜாப் டூலின் அழுத்தத்தால் வளைந்து விலகுகிறது. அதற்கு மருந்து ஸ்டெடிதான். டெயில்ஸ்டாக் தாங்காத மெல்லிய கம்பியின் வெளிமுனை பெருத்து வருவதும் இதே வளைவினால்தான்.

சோதனைக் கம்பியிலேயே வளையங்கள் வேறுபட்டால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று முதலில் ஐயப்பட வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு அன்று. கண்ணாடித் தகட்டின்மேல் நிறச் சாந்து ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் பதப்படுத்திச் செய்வது. அதன் அழகு மேற்பரப்பில் இருக்கிறது. எடையைத் தாங்குவதோ அதன் அடியில் உள்ள பரப்பு. அடியில் வெற்றிடம் இருந்தால், மேசையின் ஒரு கால் மட்டும் நாளடைவில் அமுங்கி, கல்லும் விரிசல் விடும். தலைமுறைகளாக நடந்து நடந்து மெருகேறிய தளத்தைத் துளையிட்டு போல்ட் அடிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். மேசைக்கால்களின் கீழ் அகலமான இரும்புத் தகடுகளை ரப்பர் விரிப்போடு இட்டு எடையைப் பரப்பிவிடுங்கள். பின்கட்டில் சாதாரண சிமெண்டுத் தரையோ கருங்கல் தளமோ இருந்தால் லேத்தை அங்கேயே வைப்பது மேல்.

மேசையும் கவனத்துக்குரியது. பர்மாத் தேக்கு மேசை ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறதென்று அதன்மேல் லேத்தை நேராகப் பொருத்தும் ஆசை இயல்பானது. எவ்வளவு பழகிய மரமும் ஈரக்காற்றில் இழைக்குக் குறுக்கே உப்பும், கோடையில் சுருங்கும். சித்திரையில் சரிசெய்த பெட் ஐப்பசி மழைக்குப் பின் சற்றே முறுக்கிக்கொண்டால் வியப்படைய வேண்டியதில்லை. பற்றவைத்த இரும்புச் சட்டக மேசையே உத்தமம். மர மேசைதான் வாய்க்கும் என்றால், லேத்துக்கும் மரத்துக்கும் இடையே தடித்த இரும்புத் தகட்டை வைத்து, லேத்தைத் தகட்டோடு மட்டும் பொருத்துங்கள்; மழைக்காலம் முடிந்தபின் வளையச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

முறுக்கை நீக்க, லேத்தின் கால்களுக்கு அடியில் மெல்லிய தகடுகளைச் செருக வேண்டும். டெயில்ஸ்டாக் பக்கத்து வளையம் பெரிதாக இருந்தால், டூல் அந்த முனையில் அச்சைவிட்டு உங்கள் பக்கம் விலகிப் போகிறது; ஆகவே டெயில்ஸ்டாக் முனையில் உங்கள் பக்கத்துக் காலின் அடியில் தகடு வைத்தால் பெட் பின்புறம் சாய்ந்து டூல் அச்சை நெருங்கும். சிறிதாக இருந்தால் பின்பக்கத்துக் காலின் அடியில் வைக்க வேண்டும். 0.05 மி.மீ. தகட்டில் தொடங்கி, போல்ட்டை இறுக்கி, மீண்டும் சீவி அளக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டம் இந்த நுட்பத்துக்குப் போதாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் பொறியியல் மட்டம் கிடைத்தால் தொடக்க வேலை சுருங்கும், ஆனால் முடிவைச் சொல்ல வேண்டியது கடைந்த வளையங்களே. லேத் முழுதும் தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை. முறுக்கு இல்லாமல் இருந்தால் போதும். கால்களைச் சரிசெய்தும் சரிவு தீராவிட்டால் ஹெட்ஸ்டாக் தன் இருக்கையில் திரும்பியிருக்கலாம்; அதை அவிழ்ப்பது கடைசி வழி.

அறிகுறி: பித்தளை டூலைக் கடித்து இழுத்துக்கொள்ளுதல்

இரும்புக்குத் தீட்டிய டூலைக் கொண்டு பித்தளையைக் கடைந்தால், மேற்சாய்வு உள்ள வெட்டுமுனை உலோகத்துக்குள் தானே புகுந்து ஜாபைச் சக்கிலிருந்து பிடுங்கும். பித்தளைக்கு மேற்சாய்வே கூடாது. டூலின் மேற்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலில் இது எண்ணெய்க்கல்லின்மேல் சில தேய்ப்பில் முடியும் வேலை. துளையிடும்போது டிரில் திடீரென்று உள்ளே பாய்வதும் இதே காரணத்தால்தான். டிரில்லின் இரு வெட்டு விளிம்புகளிலும் எண்ணெய்க்கல்லால் மெல்லிய தட்டை முகம் ஏற்படுத்திவிட்டால் அது இழுக்காது. அப்படித் தீட்டிய டிரில்களைப் பித்தளைக்கென்றே தனிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாத்திரத்தை உருக்கி வார்த்த பித்தளை வேறு, ஈயம் கலந்து கடைசலுக்கென்றே செய்யப்படும் பித்தளைக் கம்பி வேறு. பின்னது துகள் துகளாக உதிரும். முன்னதில் மணலும் காற்றுக்குமிழியும் மறைந்திருக்கும். மேல்தோலை ஒரே வெட்டில் அதன் அடிவரை எடுத்துவிடாவிட்டால் டூலின் கூர் உடனே மழுங்கும். ஊஞ்சலின் எடையைத் தாங்கும் ஆணியை வார்ப்புப் பித்தளையில் செய்யவே கூடாது. உள்ளிருக்கும் குமிழி வெளியே தெரியாது, விழுவது மனிதர். அந்த ஆணியை எஃகில் கடைந்து, தோற்றத்துக்காக மேலே பித்தளைக் குப்பி மாட்டிக்கொள்ளலாம்.

அறிகுறி: பரப்பு கிழிந்தாற்போல் சொரசொரப்பாக வருதல்

டூலின் உயரத்தை முதலில் பாருங்கள். மெல்லிய இரும்பு ஸ்கேலை ஜாபுக்கும் டூல் முனைக்கும் இடையே நிறுத்தி மெல்ல அழுத்தினால், ஸ்கேல் செங்குத்தாக நின்றால் டூல் மையத்தில் இருக்கிறது. ஸ்கேலின் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அப்பால் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. ஜாபின் முனைமுகத்தைக் கடையும்போது நடுவில் சிறு குமிழ் மிஞ்சுவதும் உயரக் கோளாறின் அடையாளமே.

அடுத்தது வேகம். ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு மென்னிரும்பில் நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர், பித்தளையில் 60 மீட்டரும் அதற்கு மேலும் வெட்டுவேகம் ஏற்றது; வார்ப்பிரும்பில் 20 மீட்டருக்குள் நிறுத்துவது நல்லது. வெட்டுவேகத்தை 320 ஆல் பெருக்கி, மி.மீ.யில் உள்ள விட்டத்தால் வகுத்தால் நிமிடச் சுற்று கிடைத்துவிடும். 25 மி.மீ. மென்னிரும்புக்கு 30 மீட்டர் வேகமென்றால் ஏறக்குறைய 384 சுற்று. கார்பைடு முனையை இந்த மெதுவான வேகத்தில் ஓட்டினால் உலோகம் முனையின்மேல் ஒட்டித் திரண்டு, உதிரும்போது பரப்பைக் கிழிக்கும். வீட்டு லேத்தில் கார்பைடைவிட நன்கு தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். டூலே நல்ல மெருகைத் தரும் என்பது என் உறுதியான கருத்து. மென்னிரும்புக்குத் தண்ணீரில் கரையும் எண்ணெயும் அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயும் போதும். பித்தளையையும் வார்ப்பிரும்பையும் உலர்வாகவே கடையலாம்.

அறிகுறி: கழற்றி மீண்டும் பிடித்த ஜாப் தள்ளாடுதல்

மூன்று தாடைச் சக் தானே மையம் கொள்ளும் என்பது முழு உண்மையன்று. சிறிய லேத்தோடு வரும் சக்கில் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை விலகல் சாதாரணம். ஆகவே ஒன்றுக்கொன்று மையம் ஒத்திருக்க வேண்டிய பரப்புகளை எல்லாம் ஒரே பிடிப்பில் கடைந்துவிட வேண்டும். நூறாண்டு தேய்ந்த கதவுக் குமிழ் வட்டமாகவே இருக்காது. அதை நான்கு தாடைச் சக்கில், தாடைகளுக்கு அடியில் செம்புத் தகட்டுத் துண்டுகள் வைத்து, டயல் கேஜால் மையப்படுத்துங்கள். பழைய மெருகின்மேல் தாடையின் தழும்பு விழாமலும் இருக்கும்.

அறிகுறி: மரை சேராமல் போதல்

நட் இரண்டு மூன்று சுற்று எளிதாக ஏறிப் பிறகு இறுகி நின்றுவிட்டால் மரை இடைவெளி (அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தூரம்) பொருந்தவில்லை. இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் இருக்கும் மரையாணிகளில் பெரும்பாலானவை அங்குல அளவில், 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த 55 பாகை மரை கொண்டவை. இன்று கடையில் எளிதாகக் கிடைப்பதோ 60 பாகை கொண்ட மெட்ரிக் மரை. மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) போல்ட்டின் விட்டம் 9.525 மி.மீ., அங்குலத்துக்கு 16 மரை, அதாவது இடைவெளி 1.5875 மி.மீ.; எம் 10 போல்ட்டின் இடைவெளி 1.5 மி.மீ. இரண்டு நூல் போல்ட் 6.35 மி.மீ., அங்குலத்துக்கு 20 மரை, இடைவெளி 1.27 மி.மீ.; எம் 6இன் இடைவெளி 1 மி.மீ. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இவற்றை ஒன்றுக்குள் ஒன்று முறுக்கினால் நூறாண்டு மரை ஒரு நொடியில் மழுங்கிப் போகும். மரை கேஜால் அளக்காமல் பழைய நட்டுக்குள் எதையும் செலுத்தாதீர்கள்.

லேத்தில் விட்வொர்த் மரை வெட்டும்போது டூலையும் 55 பாகைக்கே தீட்ட வேண்டும். மரையின் ஆழம் இடைவெளியின் 0.64 பங்கு, ஆகவே மூன்று நூல் போல்ட்டுக்கு 1.02 மி.மீ. லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீண்ட திருகு) மெட்ரிக் அளவில் இருந்தால் அங்குல மரைக்கு 127 பல் சக்கரம் வேண்டும், ஏனென்றால் ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அது கிடைக்காதவர்கள் 63 பல் சக்கரத்தைக் கொண்டு சமாளிக்கலாம். 63க்கு 80 என்ற விகிதம் 100க்கு 127 என்பதிலிருந்து எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் விலகுகிறது, கதவு ஆணியின் நீளத்தில் அது பொருட்டே அன்று.

வெட்டிய மரை இரட்டைக் கோடாகத் தெரிந்தால் ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் பிளவு நட்) திறந்து தவறான இடத்தில் மூடியிருக்கிறீர்கள். மெட்ரிக் லீட் ஸ்க்ரூவில் அங்குல மரை வெட்டும்போது ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் டூலைப் பின்வாங்கி, லேத்தை நிறுத்தி, எதிர்த்திசையில் ஓட்டித் தொடக்கத்துக்கு வர வேண்டும். சக் மரையால் பொருத்தப்பட்ட லேத்தானால் எதிர்த்திசை ஓட்டம் சக்கைக் கழற்றிவிடக் கூடும். அத்தகைய லேத்தில் கையால் சுழற்றுங்கள். மரை ஒருபக்கம் சாய்ந்து வெட்டியிருந்தால் டூல் ஜாபுக்குச் செங்குத்தாக இல்லை. நட் ஏறவே மறுத்தால் மரையின் உச்சியில் பிசிறு எழும்பியிருக்கிறதா என்று முதலில் பார்த்து, நுண்ணிய அரத்தால் நீக்குங்கள்.

டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) உடைவதற்குப் பொதுவான காரணம் துளை சிறுத்திருப்பது. எம் 5க்கு 4.2, எம் 6க்கு 5.0, எம் 8க்கு 6.8, இரண்டு நூல் விட்வொர்த்துக்கு 5.1 மி.மீ. டிரில் சரியானது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பிசிறை உடைத்துக்கொண்டே போங்கள்.

அறிகுறி: கடைந்தபோது சரியாக இருந்த அளவு பிறகு தளர்தல்

பித்தளை மீட்டருக்கு ஒரு பாகை செல்சியஸ் வெப்ப உயர்வில் ஏறக்குறைய 0.019 மி.மீ. விரியும், எஃகு 0.012 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக. 50 மி.மீ. பித்தளை வளையம் கடைசலில் 30 பாகை சூடேறினால் விட்டம் 0.03 மி.மீ. கூடியிருக்கும். அந்தச் சூட்டில் துளைக்குள் இறுக்கமாக அமைந்தது ஆறியபின் லொடலொடக்கும். கடைசி வெட்டுக்கு முன் ஜாபை ஆறவிடுங்கள். வளவின் (நடுமுற்றத்தின்) திறந்த வானத்திலிருந்து வெயில் நேராக விழும் இடத்தில் லேத்தையோ மைக்ரோமீட்டரையோ வைக்காதீர்கள்.

அறிகுறி: மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை

உடனே சுவிட்சை அணையுங்கள். நின்ற நிலையில் மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் எரிந்துவிடும். பெல்ட்டைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். அப்போது சுழன்றால் தடை ஹெட்ஸ்டாக்கில் இருக்கிறது. சுழலாவிட்டால் கெபாசிட்டரை ஐயப்பட வேண்டும். அதன் உடல் உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். ஒருமுனை மின்சாரத்தில் (சிங்கிள் பேஸ்) ஓடும் மோட்டாரில் தொடக்கச் சுவிட்ச் தேய்ந்திருப்பதும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். 230 வோல்ட் குண்டு பல்பு ஒன்றை அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்து இறக்கிய பின்னரே தொட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் திணறினால் வீட்டின் நீளம் காரணமாக இருக்கலாம். ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்வாசலும் உள்ள வீட்டில், மீட்டரிலிருந்து பின்கட்டுக்கு 60 மீட்டர் ஒயர் போவது அரிதன்று. 1 சதுர மி.மீ. செம்பு ஒயரில் போகவர 120 மீட்டருக்கு ஏறக்குறைய 2.1 ஓம் தடை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தொடங்கும்போது 25 ஆம்பியர் இழுத்தால் 50 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே கரைந்துபோகும். 4 சதுர மி.மீ. ஒயரானால் இழப்பு 13 வோல்ட்டுதான். தொடங்கும் தருணத்தில் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 200 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் மோட்டாரைத் தொடாமல் ஒயரை மாற்றச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, நல்ல எர்த்தும் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பானும் அதே வேலையோடு போட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: பெட்டின்மேல் துருவும் கீறலும்

கோடையில் செம்மண் தூசியும், ஐப்பசி முதல் மழை ஈரமும் லேத்தின் பகைவர்கள். தூசி எண்ணெயோடு கலந்து சாணைப் பசைபோலாகிப் பெட்டைத் தேய்க்கும். வேலை முடிந்ததும் தூரிகையால் பெருக்கி, பழைய எண்ணெயை முற்றும் துடைத்து, புதிய ஸ்லைடு எண்ணெயைப் பூசி, தடித்த பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு உள்ளே வியர்வை கட்டும். சமையலெண்ணெயைப் பெட்டில் தடவக் கூடாது. அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்கிவருகிறது. அந்த அறிவு இவ்வளவு அருகில் இருக்கும் ஊரில் லேத்தைத் துருவுக்குக் கொடுப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

துப்பாக்கி பழுதுபார்க்கக் கேட்டால்

வீட்டில் லேத் இருப்பது தெரிந்தால், பரணில் கிடந்த பழைய துப்பாக்கிக்கு ஒரு திருகோ ஊசியோ கடைந்துதரச் சொல்லிச் சிலர் வருவார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைச் செய்வதற்கும் மாற்றியமைப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கியை வைத்திருக்க ஒருவர் பெற்ற உரிமம், அதைப் பழுதுபார்க்கும் உரிமையை உங்களுக்குத் தராது; மீறலுக்குச் சிறைத்தண்டனை உண்டு. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், வெடியழுத்தம் தாங்க வேண்டிய உறுப்பின் உலோகத் தரத்தையும் வெப்பப் பதத்தையும் வீட்டுப் பட்டறையில் உறுதிசெய்ய இயலாது. உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பிவிடுங்கள். பரணில் கிடைத்ததற்கு உரிமமே இல்லையென்றால், அதைக் கையாளாமல் அப்படியே விட்டுக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: புதிய சாவி பழைய பூட்டில் திரும்ப மறுத்தல்

இது கடைசல் பிழையாகத் தோன்றினாலும் பெரும்பாலும் அளவு எடுத்ததில் உள்ள பிழை. பழைய சாவியே தேய்ந்திருக்கும்; அதைப் பார்த்து அப்படியே கடைந்தால் தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுக்கிறோம். சாவித் தண்டின் விட்டத்தைத் துளைக்குள் போகும் பகுதியில் அளக்காமல், கைப்பிடியை ஒட்டிய தேயாத பகுதியில் அளங்கள். புதிய சாவியின் பல்லை மெழுகுவர்த்திப் புகையில் கருக்கி, பூட்டுக்குள் விட்டு மெல்லத் திருப்பி வெளியே எடுத்தால், இடிக்கும் இடத்தில் கரி அழிந்திருக்கும்; அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி கருக்கிப் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இன்றும் கைவேலைதான். மாங்காய்ப் பூட்டுப் போன்றவற்றில் ஒன்றுக்குப் பொருந்திய சாவி அதே தோற்றமுள்ள மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஆகவே ஒரு சாவிக்கு எழுதி வைத்த அளவைக் கொண்டு அடுத்த பூட்டுக்கு வெட்டாமல், அந்தந்தப் பூட்டோடு வைத்துப் பொருத்துங்கள். பூட்டின் உள்ளே எண்ணெய் ஊற்றாமல் கிராஃபைட் தூளை இட்டால் புதுச் சாவி தடையின்றித் திரும்பும்.